லிலி டொர்வோஷின் குரலைத் தேடி

முகம் பொருந்துகிறது, நடிப்பிலும் குறையில்லை, உச்சரிப்புதான் இடிக்கிறது என்று அந்த இயக்குநர் சொன்னபோது நான் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. நியூஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் நாடக ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. பாட்டி வேடத்துக்கு ஆள் தேவை என்று நூலக அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். சென்னையில் பதினொரு ஆண்டுகள் சபா மேடைகளில் நடித்தவள் நான். வசனம் மறந்து நின்றதில்லை. அன்றும் மறக்கவில்லை. இரண்டு பக்க ஆங்கில வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன். வேடம் வேறொருவருக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மகன் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'டுவைலைட் ஸோன்' தொடரில் 1961-ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஓர் அத்தியாயம். பேரனின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டி பொம்மைத் தொலைபேசி வாங்கித் தருகிறாள். சற்று நேரத்தில் உடல் தளர்ந்து படுத்துவிடுகிறாள். சாகும் தறுவாயில், பக்கத்தில் நிற்கும் சொந்த மகனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பேரனையே தன் பிள்ளை என்கிறாள். செலவைக் குறைக்க அந்தத் தொடரின் ஆறு அத்தியாயங்களைத் திரைப்படச் சுருளுக்குப் பதிலாக வீடியோ நாடாவில் எடுத்தார்கள். இது அவற்றில் ஒன்று. அதனாலேயே படப்பிடிப்பில் ஒரு நாடக மேடையின் நெருக்கம் இருந்தது. நான் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றுவிட்டேன். அந்தப் பாட்டியின் ஆங்கிலம் அமெரிக்க ஆங்கிலமே அல்ல. ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசை அழுத்தமாக விழுந்தது. ஆனால் ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. யாரும் அவரை ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று கேட்கவுமில்லை. பெயர்ப் பட்டியல் ஓடியபோது காத்திருந்து படித்தேன். லிலி டார்வாஸ்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓராண்டு அலைந்தேன். அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், அதில் என் பயிற்சிக்கு உதவியதையும் எழுதுகிறேன். வேற்றுமொழியில் நடிக்க நினைப்பவர்களுக்கும், மறந்துபோன ஒரு மேடைக் கலைஞரின் வாழ்க்கையைத் தேடிப் போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

முதல் தடுக்கல் பெயரிலேயே இருந்தது. மன்ஹாட்டனில் கிழக்கு 82-ஆம் தெருவில் ஹங்கேரிய இல்லம் என்று ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ஹங்கேரியர்கள் நிறைந்து வாழ்ந்த இடம். அங்கே நடந்த நிகழ்ச்சி ஒன்றில், எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாரிடம் லிலி டார்வாஸ் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். எழுதிக் காட்டினேன். "டொர்வோஷ்!" என்று உரக்கச் சொல்லி என் கையைப் பற்றிக்கொண்டார். ஹங்கேரிய மொழியில் 'எஸ்' என்ற எழுத்துக்கு 'ஷ்' ஒலி. 'எஸ்', 'இசட்' இரண்டும் சேர்ந்து வந்தால்தான் 'ஸ்'. குறில் 'அ' ஏறக்குறைய 'ஒ' போல ஒலிக்கும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். தொலைக்காட்சியில் கேட்ட அந்தத் தாளத்துக்கு விளக்கம் அப்போதுதான் கிடைத்தது. அவர் ஆங்கிலச் சொற்களை ஹங்கேரிய நடையில் நடத்திச் சென்றிருக்கிறார்.

அதே அம்மையார் இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள், எனவே டொர்வோஷ் லிலி என்றும் தேட வேண்டும். மணமான பெண்கள் பலர் கணவரின் முழுப்பெயரோடு 'நே' என்ற விகுதியைச் சேர்த்துத் தம் பெயராக எழுதும் வழக்கமும் உண்டு. பழைய ஆவணங்களில் ஒரு பெண்ணைக் காணோம் என்றால் அவள் கணவன் பெயருக்குள் மறைந்திருக்கலாம். விகுதி என்றதும் ஆர்வத்தோடு மேலும் கேட்டேன். ஹங்கேரியில் 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பொன்' என்றால் வீட்டில். நம் வேற்றுமை உருபு போலவே சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவனுக்கும் அவளுக்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான். அதனால் ஹங்கேரியர்கள் ஆங்கிலத்தில் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றிச் சொல்லிவிடுவதுண்டு என்றார்.

லிலி டொர்வோஷ் 1902-இல் புடாபெஸ்டில் பிறந்தார். இருபது வயதை ஒட்டி ஜூலியட் வேடத்தில் மேடையேறினார். வெகுவிரைவில் முன்னணிக்கு வந்துவிட்டார். நாடக ஆசிரியர் ஃபெரென்ட்ஸ் மொல்னார் தம் நாடகங்களில் அவரை நடிக்க வைத்தார், 1926-இல் மணந்தும் கொண்டார். இதுவரை சரிதான், தாய்மொழியில் வெற்றி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1925-இல், வியன்னாவில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் யோசஃப்ஸ்டாட் நாடக அரங்கில் அவர் சேர்ந்திருந்தார். ரைன்ஹார்ட் அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய இயக்குநர். அவருடைய அரங்கின் மொழி ஜெர்மன். சொந்த ஊரில் கதாநாயகியாகக் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தவர், இருபத்து மூன்று வயதில் இன்னொரு மொழியை மேடைக்குத் தகுந்தபடி கற்கப் போனார்.

அந்தக் காலத்தைப் பற்றி நாடக உலகில் ஒரு கதை வழங்குகிறது. ஹோட்டல் அறையில் இருந்த மொல்னாரின் காதில், சுவருக்கு அப்பாலிருந்து மனைவி யாரிடமோ உருகி உருகிக் காதல் மொழி பேசுவது விழுந்ததாம். விசாரித்தால், லிலி ஜெர்மன் வசனத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாராம். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, ஆனால் 1926-இல் மொல்னார் எழுதிய ஒரு நாடகம் அப்படியே இந்தச் சுவரில்தான் நிற்கிறது. தன் காதலி வேறொருவனிடம் கொஞ்சுவதை ஓர் இளம் இசையமைப்பாளர் சுவர் வழியாகக் கேட்டுவிடுகிறார். அது வெறும் நாடக ஒத்திகை என்று நம்பவைக்க, உடனிருக்கும் நாடக ஆசிரியர் ஒருவர் அந்தச் சொற்களையே வைத்து ஒரே இரவில் ஒரு நாடகம் எழுதுகிறார். எல்லோரும் மொல்னாரின் சாமர்த்தியத்தைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு அந்தச் சுவருக்கு அப்பால் இருந்த பெண்தான் முக்கியம். அந்நிய மொழியின் ஒரு வாக்கியத்தை, கேட்பவன் உண்மை என்று நம்பும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். என் மகனும் ஒருநாள் அடுத்த அறையிலிருந்து "யாரோடு அம்மா சண்டை போடுகிறாய்?" என்று கேட்டான். அன்று வெகுநாட்களுக்குப் பிறகு மனம் நிறைந்திருந்தது.

1927-இல் ரைன்ஹார்ட் தம் குழுவோடு நியூயார்க் வந்து ஜெர்மன் மொழி நாடகங்களை நடத்தியபோது லிலியும் வந்தார். அது விருந்தாளியாக வந்த வருகை. 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் யூதக் குடும்பத்தில் பிறந்த லிலிக்கு வியன்னா மேடை இல்லாமல் போயிற்று. அமெரிக்கா வந்து சேர்ந்தார். இப்போது மூன்றாவது மொழி. முதலிரண்டு மொழிகளிலும் அவர் கதாநாயகி. ஆங்கிலத்துக்கு வரும்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

1945 டிசம்பரில், போர்க்காலத்தில் படைவீரர்களுக்காகத் தாமே ஹாம்லெட்டாக நடித்துக்காட்டிய 'ஹாம்லெட்' நாடகத்தை நடிகர் மாரிஸ் எவன்ஸ் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் உள்ள பிராட்வேக்குக் கொண்டுவந்தார். ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூடாக நடித்தவர் லிலி. 131 காட்சிகள் நடந்தது. எவன்ஸ் பிறந்தது 1901-இல். மகனைவிட ஒரு வயது இளைய தாய்! இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஆங்கிலத்தில் ராணியாக நிற்க முடிந்த ஒருவருக்கு அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் தாய், பாட்டி, வெளிநாட்டு அம்மையார் வேடங்கள். 1961-இல் சிக்மண்ட் ஃப்ராய்டைப் பற்றிய ஒரு நாடகத்தில் ஃப்ராய்டின் தாய். 1948-இல் எட்னா ஃபெர்பரும் ஜார்ஜ் காஃப்மனும் எழுதிய 'பிராவோ' நாடகத்தில், ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் தேடி நியூயார்க் வந்த கலைஞர்களில் ஒருவர். கிட்டத்தட்ட தம் வாழ்க்கையையே மேடையில் நடித்திருக்கிறார். அந்த நாடகம் சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று. சினிமாவில் 1956-இல் லாஸ் வேகஸ் பின்னணியில் ஒரு நடனப் படம், 1960-இல் 'சிமரான்'. இரண்டிலும் சிறு பங்குதான்.

இதிலிருந்து தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. படங்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இவர் ஒரு துணை நடிகை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். முதலில் பிராட்வே நாடகங்களின் இணையத் தரவுத்தளத்தில் நாடகம், அரங்கம், காட்சிகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நூலகம். மன்ஹாட்டனில் லிங்கன் சென்டர் வளாகத்தில் உள்ள நிகழ்த்துகலை நூலகம் நாடகக்காரர்களுக்குப் புதையல். நிகழ்ச்சி நிரல்கள், நாளிதழ் நறுக்குகள், புகைப்படங்கள் எல்லாம் உறைகளில் இருக்கின்றன. நூலக அட்டை எடுத்துவிட்டு, வேண்டியதை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் முதல் தடவை சும்மா போய் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். பென்சில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, பிளாஷ் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாடகங்களுக்கு மேல் ஒரு நாளில் பார்க்க முயலாதீர்கள். நறுக்குகள் பொடிந்து உதிரும், கண்ணும் சோர்ந்துவிடும்.

அங்கே மேடை நாடகங்களைப் படம்பிடித்து வைக்கும் திட்டம் தொடங்கியதே 1970-இல்தான். லிலி அதற்குள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மேடையில் நின்றுவிட்டார். கெர்ட்ரூடின் குரல் எப்படி இருந்தது என்று இனி எவராலும் கேட்க முடியாது. விமர்சகர்களின் சில வரிகள், ஒரு மஞ்சளடித்த புகைப்படம், அவ்வளவே. சபா நாடகங்களில் என்னோடு நடித்த எத்தனையோ பேருக்கும் இதே கதிதான். அந்த உறையை மூடும்போது கண் கலங்கியதை மறைக்க மாட்டேன்.

ஆனால் 1970 அவருக்கு ஒரு பெரிய ஆண்டு. வயது அறுபத்தெட்டு. நவம்பரில் பிராட்வேயில் லொரைன் ஹான்ஸ்பரியின் 'லே பிளான்' நாடகம். ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வாழும் பார்வையற்ற முதிய பெண்மணியாக நடித்தார். நாடகம் நீடிக்கவில்லை, அவருடைய நடிப்பு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்கான பட்டியலில் இடம்பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில்தான், பல பத்தாண்டுகளுக்கு முன் விட்டு வந்த புடாபெஸ்டில், தம் தாய்மொழியில், கரோய் மக் இயக்கிய 'ஸெரெலெம்' படத்திலும் நடித்தார். ஸெரெலெம் என்றால் காதல், அன்பு.

இந்தப் படத்தை நான் ஆறு முறை பார்த்துவிட்டேன். 1950-களின் தொடக்கம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவி. அவளுடைய மகன் அரசியல் கைதியாகச் சிறையில் இருக்கிறான். மருமகள் லூட்சா அதை மாமியாரிடம் மறைக்கிறாள். மகன் அமெரிக்காவில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி, அவன் எழுதியதுபோலத் தானே கடிதங்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். மூலக்கதையை எழுதிய டிபோர் டேரி ஹங்கேரியில் நடந்த 1956 புரட்சிக்குப் பிறகு உண்மையிலேயே சிறையில் இருந்தவர். மகனாக நடித்த இவான் டொர்வோஷும் அப்படியே. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் லிலிக்கு உறவு என்று நினைத்துவிட வேண்டாம், உறவில்லை. நானும் முதலில் அப்படித்தான் குறித்து வைத்திருந்தேன்.

லிலிக்கு இதில் கைகளும் முகமும் குரலும் மட்டும்தான். மேடையில் உடல் முழுவதையும் பயன்படுத்திப் பழகிய ஒருவரைக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். மருமகளாக வரும் மரி தொரொச்சிக் உள்ளே நுழைந்ததும் கிழவியின் அதட்டல் தொடங்கும். ஒரு கணம் ராணி. அடுத்த கணம் மகனின் கடிதத்தைக் கேட்கும் குழந்தை. கடிதத்தில் உள்ள பெருமைகளை அவள் ரசிக்கும்போது அந்தக் கண்களைப் பாருங்கள். பொய் என்று தெரிந்துதான் கேட்கிறாளோ? மருமகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நம்புவதுபோல நடிக்கிறாளோ? ஆறு முறை பார்த்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிக்க விடாமல் அந்த இழையிலேயே கடைசிவரை நடந்துபோகிறார். அந்தக் கிழவியின் பேச்சில் பழைய ஆஸ்திரிய நாட்களின் ஜெர்மன் வாடை உண்டு. ஜெர்மன் மேடையில் ஆண்டுக்கணக்கில் பேசிய லிலிக்கு அதைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவையே இல்லை. அவர் கடந்துவந்த ஊர்கள் எல்லாம் அந்தக் குரலிலேயே இருந்தன.

என் அம்மாவின் கடைசி மாதங்களில் அண்ணனுக்கு வேலை போன செய்தியை நாங்கள் மறைத்தோம். "அவன் நன்றாக இருக்கிறான் அம்மா, வேலை அதிகம், அதுதான் பேச முடியவில்லை" என்று தொலைபேசியில் நான்தான் சொல்வேன். அம்மா ஒவ்வொரு முறையும் "அப்படியா, சரி சரி" என்பார். அந்த 'சரி சரி'யை லிலியின் முகத்தில் பார்த்தேன்.

1971-இல் கான் திரைப்பட விழாவில் படத்துக்கு நடுவர் குழுப் பரிசு கிடைத்தது. லிலி, மரி தொரொச்சிக் இருவரின் நடிப்பையும் தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். 1974 ஜூலையில் நியூயார்க்கில் லிலி காலமானார்.

இனி என் பயிற்சிக்கு வருகிறேன். உச்சரிப்பைத் துடைத்து எறிய வேண்டும் என்று நான் செலவழித்த மாதங்கள் வீண். லிலி துடைக்கவில்லை, தெளிவாக்கினார். இந்த இரண்டும் வேறு வேறு. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். என் உச்சரிப்பைத் திருத்துங்கள் என்று கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், சொல் புரியாத இடத்தில் மட்டும் கையை உயர்த்துங்கள் என்றேன். இரண்டு பக்கத்துக்கு ஒன்பது முறை கை உயர்ந்தது. ஒன்பதே இடங்கள்! அதைத் தாளில் வட்டமிட்டுப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. வல்லினத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் நான் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடுகிறேன். 'ரைட்' என்பது 'ரைட்டு' ஆகிவிடுகிறது. சொல்லுக்கு நடுவே வரும் 'ப' ஒலி என் வாயில் மெலிந்து வேறு சொல்லாகிறது. எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுப்பதால் எது முக்கியமான சொல் என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தினமும் இருபது நிமிடம், ஆறு வாரம் உழைத்தேன். கை உயர்வது இரண்டாகக் குறைந்தது. மற்றபடி என் தமிழ்த் தாளத்தை நான் தொடவில்லை.

வசனத்தை மனப்பாடம் செய்யும் முறையையும் மாற்றிக்கொண்டேன். முதலில் முழுக் காட்சியையும் தமிழில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், எழுதுவதில்லை. இந்தப் பாட்டி நம் ஊரில் இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்வாள்? "போடா, உனக்கென்ன தெரியும்" என்பாளா, பேசாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாளா? அந்த உணர்வு பிடிபட்ட பிறகே ஆங்கில வரியைத் தொடுகிறேன். ஆங்கிலத்தை நேராக உருப்போட்டால் ஒலி வந்துவிடும், ஆள் வரமாட்டாள்.

இன்னொன்று, ஒத்திகைக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பதை விட்டுவிடுங்கள். "என் ஆங்கிலம் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று தொடங்கினால் கேட்பவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள். வேறொரு குழுவின் தேர்வுக்குப் போனபோது நான் ஒன்றும் சொல்லாமல் நேராக வசனத்தைத் தொடங்கினேன். அண்டை வீட்டுக் கிழவி வேடம் கொடுத்தார்கள். பதினேழு வரிகள். மார்ச் மாதத்தில் நான்கு காட்சிகள் நடந்தன. இரண்டாம் நாள் நான் ஒரு வரியைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தபோது அரங்கில் சற்று நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதியை சென்னை சபாவில் அறிந்திருக்கிறேன். அது எந்த மொழியில் வந்தாலும் நடிகருக்கு அடையாளம் தெரியும்.

அடுத்த சனிக்கிழமைக்கு லிங்கன் சென்டர் நூலகத்தில் 'பிராவோ' நாடகத்தின் புகைப்படங்களைக் கேட்டு வைத்திருக்கிறேன். புதிதாக வந்த ஊரின் வீட்டுக் கூடத்தில் லிலி எப்படி நிற்கிறார், கைகளை எங்கே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பென்சில்களைச் சீவி வைத்துவிட்டேன்.